அகதிக் குடும்பத்தின் முதல் மருத்துவப் பரிசோதனை: கூடப் போகிறவர் என்ன தெரிந்து வைத்திருக்கணும்?

#1 கரையோரம்

தன்னார்வலராக ஒரு குடும்பத்துக்குத் துணையாக இருக்கிறேன். வந்து மூன்று வாரம். பாட்டி, கணவன், மனைவி (ஐந்து மாதக் கர்ப்பம்), 14, 9, 2 வயதில் மூன்று பிள்ளைகள். எங்கிருந்து வந்தார்கள், எந்த நாட்டுக்கு வந்தார்கள் என்பதை இங்கே போட மாட்டேன், மன்னிக்கணும். ஐ.நா. பதிவு, முகாம், பிறகு மீள்குடியேற்றத் திட்டம் என்று முறைப்படி வந்தவர்கள்.

அடுத்த வாரம் முதல் மருத்துவப் பரிசோதனை. நேற்று அந்தத் தகப்பன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்டார். "விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். மறுபடியும் எதற்கு?" அடுத்தது: "ஏதாவது நோய் இருப்பதாக வந்தால் எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா?"

இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. "பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் என்னை நம்பின மாதிரி தெரியவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

#2 இரவுப்பணி

அகதிகளுக்கான கிளினிக்கில் 11 வருடமாக நர்ஸ். முதலில் அவருடைய இரண்டாவது கேள்விக்குப் பதில், ஏனென்றால் அதற்குப் பதில் கிடைக்காதவரை மற்ற எதுவும் அவர் காதில் ஏறாது.

அனுப்ப மாட்டார்கள். மீள்குடியேற்றத் திட்டத்தில் வந்து சேர்ந்தவரை, வந்த பிறகு செய்யும் பரிசோதனையில் ஒரு நோய் தெரிந்தது என்பதற்காகத் திருப்பி அனுப்புவதில்லை. டிபி இருந்தால் டிபிக்கு மாத்திரை, சர்க்கரை இருந்தால் சர்க்கரைக்கு மாத்திரை. நீங்கள் சொன்னால் நம்ப மாட்டார், அதனால் கிளினிக் வாசலில் நுழைந்ததும் மருத்துவரையே இந்த வாக்கியத்தைச் சொல்லச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் மூலமாக, அவர் கண்ணைப் பார்த்து.

அவர் பயத்துக்கு அர்த்தம் இருக்கிறது. முதலில் நடந்த பரிசோதனை நிஜமாகவே வாசல் காவல்தான். அமெரிக்காவுக்குப் போகிறவர்களை எடுத்துக்கொண்டால், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், அதாவது சி.டி.சி., வகுத்த விதிப்படி வெளிநாட்டிலேயே பரிசோதிப்பார்கள். பல இடங்களில் அதைச் செய்வது ஐ.ஓ.எம்., சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பு. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரே. கண்டதை 'ஏ', 'பி' என்று வகை பிரிப்பார்கள். தொற்றும் நிலையில் உள்ள டிபி 'ஏ'. சிகிச்சை முடியும்வரை பயணம் கிடையாது. ஒரு பிள்ளையின் எக்ஸ்ரே சரியில்லை என்று மொத்தக் குடும்பமும் மாதக்கணக்கில் முகாமிலேயே காத்திருந்ததை அவர் பார்த்திருப்பார். பிறகு நாம் "வாங்க, சும்மா ஒரு டெஸ்ட்" என்றால் எப்படி நம்புவார்?

இரண்டாவது பரிசோதனை வேறு ரகம். அமெரிக்காவில் வந்த 30 முதல் 90 நாளுக்குள் செய்யச் சொல்கிறார்கள். மற்ற நாடுகளில் கால அளவு மாறும். இதன் கேள்வி "உள்ளே விடலாமா?" இல்லை. "இவருக்கு என்ன தேவை?" என்பதுதான். ரத்தசோகை, சர்க்கரை, ரத்த அழுத்தம், பல், கண், தடுப்பூசி, கர்ப்பம், தூக்கம், எல்லாம் இங்கேதான் வரும். முதல் பரிசோதனையில் பாட்டியின் சொத்தைப் பல்லை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு விஷயம் மறக்காதீர்கள். ஐ.ஓ.எம். என்று அச்சடித்த பிளாஸ்டிக் பை ஒன்று அவர்களிடம் இருக்கும். எக்ஸ்ரே, தடுப்பூசித் தாள், விமானம் ஏறும் முன் கொடுத்த மாத்திரை விவரம் எல்லாம் அதில்தான். "தேவையானதை மட்டும் எடுத்து வருகிறேன்" என்று பிரிக்க வேண்டாம். பையோடு வரட்டும். வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை டப்பாவும், காலியானதும் சேர்த்து.

#3 குறுக்குக்கேள்வி

யாரும் கோபப்பட வேண்டாம், மனதில் பட்டதைக் கேட்கிறேன். இதெல்லாம் அவர்கள் நலனுக்காக என்று அழகாகச் சொல்கிறோம். உண்மையில் உள்ளூர்க்காரர்களைக் காப்பாற்றத்தானே? அப்படியே இருந்தாலும் அதில் என்ன தப்பு? டிபி, மலேரியா, எச்.ஐ.வி. எல்லாவற்றுக்கும் கட்டாயமாகப் பார்த்து, சுத்தம் என்று தெரிந்த பிறகு ஊருக்குள் விட்டால் எல்லாருக்கும் நிம்மதி. அகதிகள் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டாலே கெட்டவன் ஆக்கிவிடுகிறார்கள்.

#4 கல்ச்சர்_தட்டு

ஆய்வகத்தில் டிபி பிரிவில் வேலை. கெட்டவன் ஆக்கவில்லை சகோ, ஆனால் 'சுத்தம்' என்ற சொல்லைக் கீழே வையுங்கள். அது இடறும்.

நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று விதம். மலேரியா மனிதரிடமிருந்து மனிதருக்கு நேராக ஒட்டாது, நடுவில் அனாஃபிலிஸ் கொசு வேண்டும். எச்.ஐ.வி. பக்கத்தில் உட்கார்ந்தால் வராது. மிச்சம் டிபி. அதிலும் இரண்டு நிலை. உடம்பில் கிருமி உறங்கிக்கொண்டிருக்கும் நிலையில் (நாங்கள் லேட்டன்ட் டிபி என்போம்) அவரால் யாருக்கும் தொற்றாது. இருமல் இல்லை, எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. அந்த நிலையில் உள்ளவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது அது விழித்து நோயாக மாறலாம். அப்படி மாறுகிறவர்களில் பெரும்பங்கு, தொற்றிய முதல் சில வருடங்களுக்குள். ரத்தப் பரிசோதனையில் 'பாசிட்டிவ்' என்று வந்த ஆளைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் ஓட வேண்டியதில்லை.

பயணத்துக்கு முந்தைய பரிசோதனையால் பயன் உண்டு, அதை மறுக்கவில்லை. முன்பெல்லாம் சளியை நுண்ணோக்கியில் பார்ப்பதோடு அமெரிக்க விதி நின்றது. கிருமி குறைவாக இருந்தால் நுண்ணோக்கியில் தப்பிவிடும். 2007இல் விதியை மாற்றி, கல்ச்சரும் போட வேண்டும் என்றார்கள். தட்டில் கிருமி வளர வாரக்கணக்கில் ஆகும். அந்தத் தகப்பன் முகாமில் பார்த்திருக்கக்கூடிய காத்திருப்பின் ஒரு பகுதி எங்களைப் போன்ற ஆய்வகங்களில்தான் கழிந்திருக்கும்.

எச்.ஐ.வி.க்குக் கட்டாயம் என்றீர்களே, அதைச் செய்து பார்த்தாகிவிட்டது. 1987 முதல் அமெரிக்கா எச்.ஐ.வி. உள்ளவர்களை உள்ளே விடவில்லை. 1991இல் தப்பி வந்த ஹைட்டி நாட்டு அகதிகளில், அரசியல் அடைக்கலம் கேட்கத் தகுதி உண்டு என்று ஒப்புக்கொள்ளப்பட்டவர்களில் கூட, எச்.ஐ.வி. இருந்த 200க்கும் மேற்பட்டவர்களைக் குவாண்டனாமோ கடற்படைத் தளத்தில் முள்வேலிக்குள் வைத்தார்கள் (கியூபாவில் உள்ள அமெரிக்கத் தளம் அது). 1993 ஜூனில் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் விடுதலை. நுழைவுத் தடை முழுக்க நீங்கியது 2010 ஜனவரியில். அந்த 22 வருடத்தில் ஊருக்குள் எச்.ஐ.வி. பரவாமல் நின்றதா என்ன?

உலக சுகாதார நிறுவனம் அகதிகளுக்குக் கட்டாயப் பரிசோதனையைப் பரிந்துரைப்பதில்லை. பயன் நிரூபணமாகவில்லை, பயத்தைக் கிளப்பும் என்கிறது. பரிசோதனையை வசதியாகக் கொடு, வேண்டியவருக்குச் சிகிச்சை கிடைக்கும்படி பார் என்கிறது. கண்டுபிடித்தால் தண்டனை என்று தெரிந்தால் இருமுகிறவன் வாயைப் பொத்திக்கொள்வான். என் தட்டுக்குச் சளி வரவே வராது.

#5 குறுக்குக்கேள்வி

ஹைட்டி விஷயம் தெரியாது, நன்றி. ஆனால் தட்டம்மை? அது காற்றில் பரவுமே. முகாமில் நெருக்கியடித்து இருந்தவர்கள். அதற்கு என்ன பதில்?

#6 இரவுப்பணி

அதற்குப் பதில் பரிசோதனை இல்லை, ஊசி. 2015இல் உலக சுகாதார நிறுவனம், யு.என்.எச்.சி.ஆர். (ஐ.நா. அகதிகள் அமைப்பு), யுனிசெஃப் மூன்றும் சேர்ந்து சொன்னது: வந்த நாட்டின் அட்டவணைப்படி தாமதமில்லாமல் தடுப்பூசி போடுங்கள். எல்லையில் நிறுத்திப் போடச் சொல்லவில்லை, தடுப்பூசிச் சான்றை நுழைவதற்கு நிபந்தனை ஆக்கவும் சொல்லவில்லை.

தாள் இருந்தால் தாளை நம்புவோம். தாள் இல்லையென்றால் போடாததாகவே வைத்து மறுபடி ஆரம்பிப்போம். "ஏற்கெனவே போட்டாச்சு" என்று அம்மாக்கள் சொல்வார்கள், பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். ஆனால் எந்த ஊசி, எப்போது என்று தெரியாதே. ஒன்று கூடுதலாகப் போட்டால் பொதுவாகக் கெடுதல் இல்லை. விட்டுப்போனால்தான் கெடுதல்.

@கரையோரம், உங்கள் குடும்பத்துக்கு இதில் இரண்டு சிக்கல் வரலாம். தட்டம்மை ஊசியில் உயிருள்ள கிருமி (பலவீனப்படுத்தியது) இருப்பதால் கர்ப்பிணிக்குப் போட மாட்டார்கள், பிரசவம் முடிந்த பிறகுதான். அவருக்கு மட்டும் போடவில்லையே என்று குழம்ப வேண்டாம். அடுத்தது, டிபி ரத்தப் பரிசோதனையும் அந்த ஊசியும் ஒரே நாளில் நடக்கலாம். ஊசியைப் போட்டுவிட்டு ரத்தம் எடுப்பதை வேறு நாளுக்குத் தள்ளினால் டிபி பரிசோதனைக்கு நான்கு வாரமாவது பொறுக்கணும், இல்லாவிட்டால் முடிவு தப்பாக வரலாம். ரத்தம் எடுத்த பிறகு ஊசியா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பரபரப்பான நாளில் எங்களுக்கே தவறும்.

பிள்ளைகளின் பிறந்த தேதியையும் பாருங்கள். மூவருக்கும் ஜனவரி 1 என்று இருக்கிறதா? தேதி தெரியாதவர்களுக்குப் பதிவில் ஜனவரி 1 போட்டுவிடுவது வழக்கம். எங்கள் கிளினிக் கணினியில் புத்தாண்டு அன்றைக்குப் பாதிப் பட்டியலுக்கும் பிறந்தநாள் வாழ்த்து வரும். சிரிக்கலாம், ஆனால் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பத்து மாத வித்தியாசம் என்றால் எடை சரியா, எந்த ஊசி என்பதெல்லாம் மாறிப்போகும். நிஜமாக எந்தப் பருவத்தில் பிறந்தது, மழையா வெயிலா என்று அம்மாவிடம் கேட்டுக் குறித்து வாருங்கள்.

#7 இரண்டாம்_கரை

நான் இந்தப் பரிசோதனைக்குப் போன ஆள். போன ஆள் எண்டா, நோயாளியா. அப்ப எனக்குப் பன்னிரண்டு வயசு.

எந்த இடம் எண்டு சொல்லேல்ல, இப்ப அது தேவையும் இல்லை. ஒரு நீள வரிசை. சட்டையைக் கழட்டச் சொல்லிச்சினம். ஏன் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. அப்பா வெளியில நிண்டவர். அம்மாவுக்கு அந்த மொழி தெரியாது, எனக்கு முகாம் பள்ளிக்கூடத்தில கொஞ்சம் தெரியும். அதால டொக்டர் என்னைப் பாத்துக் கதைச்சார், நான் அம்மாவுக்குச் சொன்னனான்.

அம்மாட்ட மாதவிடாயைப் பற்றி ஏதோ கேட்டவர். எனக்கு அந்தச் சொல்லே விளங்கேல்ல. அம்மா தலையைக் குனிஞ்சுகொண்டு, "எல்லாம் சரி எண்டு சொல்லு" எண்டா. நானும் சொன்னன். அம்மாவுக்கு அப்ப மாசக்கணக்கா ரத்தம் போய்க்கொண்டிருந்தது. ரெண்டு வருசத்துக்குப் பிறகு மயங்கி விழுந்தபோதுதான் தெரியும். கடுமையான ரத்தசோகை. எனக்கு இப்பவும் அது என்ர பிழை மாதிரித்தான் கிடக்கு.

@கரையோரம், அந்த 14 வயசுப் பிள்ளை மொழி கெதியாப் பிடிச்சிருக்கும். எல்லாரும் அதைத்தான் முன்னுக்குத் தள்ளுவினம். விட்டிடாதேங்கோ. தாய்க்குப் பெண் மொழிபெயர்ப்பாளர், பெண் டொக்டர், கதவு சாத்தின அறை. மனுசனும் வெளியில. இதை முதலே போன் எடுத்துக் கேட்டு வையுங்கோ, அண்டைக்குப் போய்க் கேட்டா ஆள் இல்லை எண்டு சொல்லுவினம்.

#8 நடுவில்_ஒருத்தி

#7 படித்துவிட்டு ஐந்து நிமிடம் எதுவும் தட்டச்ச முடியவில்லை. உங்கள் பிழை இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டவருடைய பிழை.

நான் மருத்துவ மொழிபெயர்ப்பாளர். நல்ல கிளினிக்குகளில் குழந்தையை மொழிபெயர்க்க விடுவதில்லை. ஆனால் அவசரத்தில், "ஒரே ஒரு கேள்விதான்" என்று ஆரம்பிப்பார்கள். அங்கேதான் கூடப் போனவர் வாயைத் திறக்கணும்.

இன்னொன்றும் உண்டு. சில சமயம் ஒரே சமூகத்து மொழிபெயர்ப்பாளரே வேண்டாம் என்பார்கள். சின்னச் சமூகம், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், போர் நடந்த இடமென்றால் அவர் எந்தப் பக்கத்து ஆள் என்ற கேள்வியும் வரும். அப்போது தொலைபேசியில், வேறு ஊரிலிருந்து, பெயர் சொல்லாத ஒருவர் நல்லது. முதலில் குடும்பத்தைக் கேளுங்கள்.

சொற்களுக்கு வருகிறேன். "மனச்சோர்வு இருக்கிறதா?" என்று கேட்டால் எந்த மொழியிலும் "இல்லை" என்றுதான் வரும். நம் ஆட்களையே எடுத்துக்கொள்ளுங்கள், "நெஞ்சை அடைக்குது", "தலை பாரமா இருக்கு", "வயிறெல்லாம் எரியுது" என்போமே தவிர, "எனக்குத் துக்கம்" என்று மருத்துவரிடம் யார் சொல்கிறோம்? "நெஞ்சை அடைக்குது" என்பதை நான் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அடுத்த அறையில் ஈ.சி.ஜி. எடுக்கத் தயாராகிவிடுவார்கள். எடுக்கட்டும், தப்பில்லை, இதயமாகவும் இருக்கலாம். ஆனால் "இது அவர்கள் ஊரில் துக்கத்துக்கும் சொல்லும் சொல்" என்று ஒரு வரி சேர்த்துச் சொல்வேன். மருத்துவர் நேரம் கொடுத்தால்.

#9 கரையோரம்

எழுதிய எல்லாருக்கும் நன்றி. பெண் மருத்துவருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் இன்று காலை போன் செய்து உறுதி செய்துவிட்டேன். மூன்று பிள்ளைகளுக்கும் ஜனவரி 1தான்! கேட்டதில் கடைக்குட்டி பிறந்தது அறுவடைக்குப் பிறகு என்கிறார்கள். அப்படியானால் அவனுக்கு இன்னும் இரண்டே ஆகவில்லை.

நடுவில்_ஒருத்தி சொன்னதை ஒட்டி ஒரு சந்தேகம். தகப்பன் என்ன பார்த்தார் என்பதில் கொஞ்சம் எனக்குத் தெரியும், அவராகச் சொன்னது. அதை மருத்துவரிடம் நான் சொல்லிவிடலாமா? அவரே சொல்ல மாட்டார்.

#10 இரவுப்பணி

சொல்லாதீர்கள். அது அவருடைய சொத்து.

முதல் சந்திப்பிலேயே "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கிளறுவது உதவி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். 2011இல் கனடாவில் அகதிகள், குடியேறியவர்கள் நலத்துக்கென்று வெளியிட்ட மருத்துவ வழிகாட்டுதல் இதற்கு நேர் எதிர். அன்றாடம் சமாளித்து நடக்கிறவரிடம் அவர் பட்ட கொடுமையைத் தோண்டிக் கேட்காதே, கேட்பதால் நன்மையைவிடத் தீமை அதிகமாகலாம் என்கிறது. கதை வேண்டாம், தொந்தரவு என்ன என்று பார்த்தால் போதும். தூக்கம் வருகிறதா, கெட்ட கனவு வருகிறதா, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட முடிகிறதா.

அமெரிக்காவில் அகதிகளுக்கென்றே ஆர்.எச்.எஸ்.-15 என்று 15 கேள்வித் தாள் ஒன்று உண்டு, 14 வயதிலிருந்து கொடுக்கலாம். தசைவலி, மூட்டுவலி என்று உடம்பிலிருந்து தொடங்கும். கடைசியில் ஒரு தெர்மாமீட்டர் படம், பூஜ்யத்திலிருந்து பத்து வரை, "உங்கள் வேதனை எங்கே நிற்கிறது?" அதில் விரல் வைக்க மொழி வேண்டாம். தலையாட்டியே பதில் சொல்லும் பெரியவர்கள்கூட அந்தப் படத்தில் ஒன்பதில் விரல் வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

முதல் மாதம் பலர் உற்சாகமாகவே இருப்பார்கள், வந்து சேர்ந்துவிட்டோமே என்று. நான்கைந்து மாதம் கழித்துத்தான் சரிவு வரும். அப்போது கிளினிக் சந்திப்பு எதுவும் இருக்காது. நீங்கள் இருப்பீர்கள், அதனால்தான் சொல்கிறேன்.

#11 புழுவும்_நானும்

தொற்றுநோய் மருத்துவன். பெயரைப் பார்த்தாலே எதைப் பற்றி எழுதப் போகிறேன் என்று தெரியும்.

பாட்டிக்கு மூச்சிரைப்போ மூட்டுவலியோ இருக்கிறதா? இருந்தால் மேலே படியுங்கள், இல்லாவிட்டாலும் படியுங்கள். ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்றொரு புழு. மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் தோல் வழியாக ஏறும். மற்றக் குடல் புழுக்கள் பெரும்பாலும் சில வருடத்தில் தானே செத்துப்போகும். இது உடம்புக்குள்ளேயே பெருகும், அதனால் பத்து, இருபது, நாற்பது வருடம்கூட இருக்கும். இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசியாவில் கைதியாக இருந்த சிப்பாய்களிடம் பல பத்தாண்டுகள் கழித்து இதைக் கண்டுபிடித்தார்கள். தொந்தரவே இருக்காது. சில சமயம் ரத்தத்தில் இயோசினோபில் என்ற வெள்ளை அணுக்கள் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

எப்போது ஆபத்து? மூச்சிரைப்புக்கு என்று யாராவது ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுக்கும்போது. எதிர்ப்புச் சக்தி தளர்ந்ததும் புழு கட்டவிழ்ந்து நுரையீரல், மூளை என்று பரவும். உயிர் போகிற நிலை. முப்பது வருடம் ஒன்றும் செய்யாமல் கிடந்தது, நாம் கொடுத்த மருந்தால் கொல்லும். இதற்கு மருந்து ஐவர்மெக்டின், ஓரிரு நாள் மாத்திரை, முடிந்தது.

பல குடும்பங்களுக்கு விமானம் ஏறும் முன்பே அல்பெண்டசோலும் ஐவர்மெக்டினும் கொடுத்திருப்பார்கள், புழு இருக்கிறதா என்று பார்க்காமலே, வந்த பகுதியைக் கணக்கில் வைத்து. கர்ப்பிணிக்குக் கொடுத்திருக்க மாட்டார்கள். மத்திய, மேற்கு ஆப்பிரிக்காவில் லோவா லோவா என்ற இன்னொரு புழு உள்ள பகுதிகளிலிருந்து வந்தவர்களுக்கும் ஐவர்மெக்டினை யோசிக்காமல் கொடுப்பதில்லை. அந்தப் புழுவின் குஞ்சுகள் ரத்தத்தில் ஏராளமாக இருந்தால், ஐவர்மெக்டின் கொடுத்ததும் மூளை பாதிக்கப்படலாம். இந்த விவரமெல்லாம் #2இல் சொன்ன அந்தப் பையில் இருக்கும். அதனால்தான் அந்தப் பையை நானும் இரண்டு தடவை கேட்பேன்.

இன்னொன்று சேர்த்துவிடுகிறேன், புழு இல்லை. எல்லாரையும் ஒரே பட்டியலால் அளக்க முடியாது. நேபாள முகாம்களில் பல வருடம் இருந்து அமெரிக்கா வந்த பூட்டான் அகதிகளிடம் வைட்டமின் பி12 குறைபாடு மிக அதிகமாக இருந்தது, 2011 வாக்கில் அது வெளியே தெரிந்தது. முகாம் உணவில் இறைச்சி, முட்டை, பால் அநேகமாக இல்லாததுதான் காரணமாகக் கருதப்பட்டது. கை கால் மரத்துப்போகிறது என்று அவர்கள் சொன்னதைக் கவலையால் வருவது என்று எழுதி மூடியிருந்தால் நரம்பு போயிருக்கும்.

#12 சின்னக்கை

குழந்தைகள் பிரிவு. இரண்டு வயதுப் பையன் (இல்லை, ஒன்றே முக்கால்!) இருக்கிறான் என்பதால் எழுதுகிறேன். ஈயம். ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லுங்கள்.

2000இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் சூடானைச் சேர்ந்த அகதிக் குடும்பத்தின் இரண்டு வயதுக் குழந்தை ஈய நஞ்சால் இறந்துபோனது, வந்து சில வாரங்களில். பழைய வீட்டுச் சுவரின் பெயின்ட். கொடுமை என்னவென்றால், அந்தக் குடும்பம் போரிலிருந்து தப்பி வந்தது, குழந்தையைக் குடியமர்த்திய வீடு கொன்றது. அதன் பிறகுதான் அகதிக் குழந்தைகளுக்கு வந்ததும் ஒரு முறை, சின்னக் குழந்தைகளுக்கு 3 முதல் 6 மாதம் கழித்து இன்னொரு முறை என்று அங்கே வழக்கமாக்கினார்கள். முதல் முறை பார்ப்பது வந்த இடத்து ஈயத்தை. இரண்டாவது முறை பார்ப்பது நாம் கொடுத்த வீட்டின் ஈயத்தை.

இரும்புச்சத்து குறைந்த குழந்தைக்கு ஈயம் கூடுதலாக உறிஞ்சப்படும், அதனால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம். சி.டி.சி. கவனிக்கச் சொல்லும் அளவு 2021 முதல் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம். அதற்கு மேல் போனால் வீட்டைப் பார்க்கணும். ஜன்னல் கட்டையில் பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று நீங்களே ஒரு கண் விடலாம்.

#13 குறுக்குக்கேள்வி

இவ்வளவும் படித்த பிறகு என் பழைய கேள்வியை மாற்றிக் கேட்கிறேன். இவ்வளவு செலவையும் யார் ஏற்கிறார்கள்? கண்டுபிடித்துவிட்டுக் கைவிட்டால் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாமே?

#14 கல்ச்சர்_தட்டு

இதுதான் சரியான கேள்வி சகோ, முதலிலேயே இதைக் கேட்டிருக்கலாம். :)

நாட்டுக்கு நாடு வேறு. கனடாவில் அகதிகளுக்கான மருத்துவத் திட்டத்தை 2012இல் வெட்டினார்கள். மருத்துவர்கள் வெள்ளை அங்கியோடு தெருவுக்கு வந்தார்கள். 2014இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதைக் கொடூரமான நடத்தை என்றது, 2016இல் திரும்ப முழுமையாக வந்தது. ஜெர்மனியில் அடைக்கலம் கேட்டவர்களுக்கு, பொதுத் தங்குமிடத்தில் சேரும்போது டிபிக்கு எக்ஸ்ரே கட்டாயம், ஆனால் சட்டப்படி கிடைக்கும் சிகிச்சையோ பெரும்பாலும் அவசர நோய், வலி, கர்ப்பம், தடுப்பூசி என்ற அளவில்தான். இந்தக் கட்டுப்பாட்டின் காலம் 18 மாதமாக இருந்தது, 2024இல் 36 மாதமாக்கினார்கள். இத்தனைக்கும், சிகிச்சையைக் கட்டுப்படுத்தியவர்களுக்குத்தான் தலைக்குச் செலவு அதிகம் ஆனது என்று 2015இல் ஒரு ஜெர்மன் ஆய்வே வந்தது. தள்ளிப்போட்ட நோய் அவசரப் பிரிவில் வந்து நிற்கும், அங்கே எல்லாமே விலை.

கரையோரத்தின் குடும்பம் முறைப்படி வந்தது. தானாக எல்லை தாண்டி வந்தவருக்கு முதல் பரிசோதனையும் கிடையாது, பையும் கிடையாது. அதற்குத் தனி இழைதான் போடணும்.

#15 கரையோரம்

போய்விட்டு வந்தோம். மூன்று மணி நேரம். கடைக்குட்டி தவிர எல்லாரும் களைத்துவிட்டார்கள்.

இரவுப்பணி அக்கா சொன்ன மாதிரி, மருத்துவர் முதல் வாக்கியமாகவே "இங்கே என்ன தெரிந்தாலும் யாரையும் அனுப்ப மாட்டோம்" என்றார். தகப்பன் இரண்டு தடவை மொழிபெயர்ப்பாளரைத் திருப்பிக் கேட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். இத்தனை வாரத்தில் அவர் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பாட்டிக்கு நிஜமாகவே இரைப்பு! ஸ்டீராய்டு மாத்திரை எழுதப் போன மருத்துவரிடம் நான் தயங்கித் தயங்கி "ஸ்ட்ராங்கிலாய்டிஸ்" என்று சொன்னேன், உச்சரிப்பு கோணல். ஒரு நொடி பார்த்துவிட்டுப் பையைத் திறந்தார். ஐவர்மெக்டின் கொடுத்த பதிவு பாட்டிக்கு இல்லை, அன்று காய்ச்சல் என்று தவிர்த்திருக்கிறார்கள். இயோசினோபில் கூடுதல். இப்போது மூச்சில் இழுக்கும் மருந்து (இன்ஹேலர்) மட்டும், புழுவுக்கு ரத்தம் அனுப்பியிருக்கிறது. லோவா லோவா உள்ள பகுதி இல்லை என்பதையும் அவரே சரிபார்த்தார். பாட்டியின் சர்க்கரை மாத்திரை தீர்ந்து ஐந்து நாள் ஆகிறதாம், எங்களிடம் சொல்லவே இல்லை. காலி டப்பாவைப் பார்த்துத்தான் தெரிந்தது.

பையனுக்கு ஈய முடிவு இன்னும் வரவில்லை. ஜன்னல் கட்டை உரிந்துதான் இருக்கிறது, படுக்கையை அங்கிருந்து தள்ளிப் போட்டுவிட்டோம். வீட்டுக்காரரிடம் பேச வேண்டும்.

அம்மா தனியாக நாற்பது நிமிடம் உள்ளே இருந்தார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. வெளியே வந்து பெரிய பிள்ளையின் தலையைத் தடவினார். @இரண்டாம்_கரை, உங்களை நினைத்துக்கொண்டேன்.

முந்தாநாள் முடிவு வந்தது: தகப்பனுக்கு டிபி ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ், எக்ஸ்ரே சுத்தமாக (மன்னிக்கணும் கல்ச்சர்_தட்டு) ஒன்றும் இல்லாமல் இருக்கிறது. உறங்கும் நிலைதான், யாருக்கும் தொற்றாது, பிள்ளைகளைத் தூக்கலாம் என்று போனில் விளக்கினார்கள். ரிஃபாம்பிசின், நான்கு மாதம். நேற்று மருந்து வாங்கிக் கொடுத்தேன். காலையில் முதல் மாத்திரை போட்டிருப்பார்.

#16 இரண்டாம்_கரை

வாசிச்சன். நன்றி.

#17 இரவுப்பணி

நல்லது கரையோரம். ஒரு அவசரக் கேள்வி. ரிஃபாம்பிசின் போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், வியர்வையும் கண்ணீரும்கூட. மருந்தின் நிறம்தான், பயமில்லை. ஆனால் தெரியாதவர்கள் ரத்தம் என்று நினைத்து அன்றைக்கே நிறுத்திவிடுவார்கள், வெளியே சொல்லவும் மாட்டார்கள். அவருக்கு யாராவது இதைச் சொன்னார்களா?

#18 கரையோரம்

ஐயோ. யாரும் சொல்லலை. மொழிபெயர்ப்பாளரையும் லைனில் சேர்த்து இப்பவே கூப்பிடுறேன்.